ஒண்ணும் கிடைக்கலப்பா!

ரெண்டு மாசமா ஆபீசில் ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு எழுத உட்கார வைத்தது கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று கேட்கக் கூடாது :-)

"ஒண்ணும் கிடைக்கலப்பா. டாபிக்கை மாத்திடறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டோடு வந்து உட்கார்ந்த மகள் சொன்னது இது. இங்கே நாக்பூரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருஷம். டெஸர்டேஷனுக்கு அவள் எடுத்திருந்த தலைப்பு, பர்மாவில் நகரத்தார்களின் வட்டித் தொழில். தலைப்பு அவளுடையதுதான், ஆசை என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தாத்தா பதினாலு வயசில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அவர் கொண்டுவந்த ஒரு தகரப் பெட்டி காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. நான் பி.காம். படித்து பாங்கில் சேர்ந்தபோது, "நம்ம தொழில்தான்டா இது" என்று சொன்ன மனிதர்.

அதெல்லாம் கிடக்கட்டும். மகளுடைய கைடு சொன்னாராம், "மெட்டீரியலே இல்லாத டாபிக். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிக் கொடு." மாற்றுத் தலைப்பும் அவரே தந்துவிட்டார். யுபிஐ பயன்படுத்துவோரின் திருப்தி. நூறு பேரிடம் கேள்வித்தாள். அந்தக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகள் என் பிராஞ்சுக்கு வருகிறார்கள் தெரியுமா? நானே பத்துப் பதினைந்து நிரப்பியிருப்பேன். எல்லாவற்றிலும் 'மிகவும் திருப்தி'தான். வேறென்ன போடுவது, கியூவில் ஆள் நிற்கிறார்கள்.

"என்ன தேடினே? எங்கே தேடினே?" என்று கேட்டேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பல்கலைக்கழக நூலகப் பக்கம், நடுவில் நீளமாக ஒரே ஒரு பெட்டி. அதில் ஒரு வாக்கியம். பர்மாவில் வங்கித் தொழிலில் நகரத்தார் சமூகத்தின் பங்கு என்று முழு வாக்கியத்தையும் இங்கிலீஷில் அடித்திருக்கிறாள். வந்தது என்ன? மியான்மரில் மொபைல் பேங்கிங், சுய உதவிக் குழு, வேறெங்கோ ஒரு கிராம வங்கி. மூன்று பக்கம் புரட்டியிருக்கிறாள், மூடிவிட்டாள். ஆக, 'மெட்டீரியல் இல்லை'.

மக்களே, பாங்கில் ஒரு வவுச்சர் எழுதும்போது தேதி, தொகை, கணக்கு எண், பெயர் எல்லாவற்றையும் நரேஷன் கட்டத்தில் ஒரே வரியாக எழுதி நீட்டினால் எந்தக் கேஷியராவது வாங்குவாரா? தூக்கி மூஞ்சியில் எறிவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. நூலக டேட்டாபேஸும் அதேதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ளே ஒரு லெட்ஜர் பக்கம் உண்டு. ஆசிரியர் பெயர் ஒரு கட்டம், தலைப்பு ஒரு கட்டம், பொருள் ஒரு கட்டம், சுருக்கம், இதழ், ஆண்டு என்று வரிசையாக. நடுவில் இருக்கும் அந்தப் பெரிய பெட்டி இந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கித் தேடுகிறது. சில இடங்களில் கட்டுரையின் முழு உரையையும் சேர்த்துத் தேடும். அடிக்குறிப்பில் ஒரு தடவை பர்மா என்று வந்திருந்தால் போதும், அதுவும் வந்து நிற்கும். வேறு சில இடங்களில் நீங்கள் அடித்த ஒவ்வொரு சொல்லும் இருந்தே ஆகவேண்டும் என்று அதுவாகவே முடிவு செய்துகொள்ளும். ஒரு சொல் பொருந்தாவிட்டால் உள்ளதும் போச்சு.

மகளுடைய வாக்கியத்தில் காலை வாரிய சொல் எது தெரியுமா? 'நகரத்தார்'. அவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், நாமும் மரியாதையாக அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இங்கிலீஷில் எழுதிய பெரும்பாலோர் அந்தச் சொல்லைத் தலைப்பில் போடவில்லை. மைக்கேல் அடாஸ் 1974-ல் 'ஜர்னல் ஆஃப் ஏஷியன் ஸ்டடீஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இருப்பது 'சவுத் இந்தியன் செட்டியார்ஸ்'. ராமன் மகாதேவன் 1978-ல் 'இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரெவ்யூ'வில் எழுதியதில் 'நாட்டுக்கோட்டை செட்டியார்ஸ்'. டேவிட் ருட்னர் 1994-ல் போட்ட 'காஸ்ட் அண்ட் கேபிடலிசம் இன் கலோனியல் இந்தியா' புத்தகத்தின் துணைத் தலைப்பிலும் அதேதான். உள்ளே அவர் 'நகரத்தார்' என்று எழுதும்போதும் ஜி-க்குப் பதில் கே போட்டு 'நகராட்டார்' மாதிரி ஓர் எழுத்துக்கூட்டல். அது அவர் தவறில்லை. தமிழை ரோமன் எழுத்தில் எழுத நூலகக்காரர்களுக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. அதில் க எப்போதும் கே, ச எப்போதும் சி, த எப்போதும் டி. அந்த முறைப்படி 'செட்டியார்' என்றால் சி, இ, டி, டி, ஐ, ஒய், ஏ, ஆர். நடுவில் ஹெச் கிடையாது. அமெரிக்க நூலகப் பட்டியல்களில் தமிழ்ப் புத்தகத்தைத் தேடும்போது நம் வழக்கமான ஸ்பெல்லிங்கை அடித்துவிட்டு 'அமெரிக்காக்காரன்கிட்ட தமிழ்ப் புத்தகமே இல்லை' என்று வருத்தப்படுகிற ஆட்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் வருத்தப்பட்டேன் :-(

இந்த எழுத்துக்கூட்டல் தமாஷ் பெரிய பெரிய ஆட்களையும் விடவில்லை. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935, 1937 என்று இரண்டு பகுதியாக வந்தது. தலைப்பில் சோழர் என்பதை அவர் ஹெச் இல்லாமல் எழுதியிருக்கிறார். தலைப்புக் கட்டத்தில் ஹெச் போட்டுத் தேடுகிறவருக்கு, சோழர்களைப் பற்றிய அந்த அடிப்படைப் புத்தகமே அகப்படாமல் போகலாம்.

சரி, என்ன செய்தோம்? 'அட்வான்ஸ்டு சர்ச்' என்று மூலையில் பொடி எழுத்தில் ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்தினால் கட்டங்கள் தனித்தனியாக வரும். முதல் வரியில் தலைப்பு என்று தேர்ந்தெடுத்து, செட்டியில் ஐ, ஒய் வரும் முன்பே நிறுத்தி, கடைசியில் நட்சத்திரக் குறி போட்டோம். செட்டி, செட்டியார், செட்டியார்ஸ், ஒய் போட்டு எழுதும் செட்டி எல்லாம் அதில் அடங்கிவிடும். இரண்டாவது வரியில் பர்மா அல்லது மியான்மர் அல்லது ரங்கூன். நடுவில் 'ஆர்' என்று பெரிய எழுத்தில். நாட்டுப் பெயர் மாறியது 1989-ல். அதற்கு முன் எழுதியவர் மியான்மர் என்று எழுதியிருக்க மாட்டார் என்பதை யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

இங்கே ஒரு விஷயம். அதே நட்சத்திரச் சொல்லை 'எல்லாக் கட்டமும்' என்று விட்டுப் பாருங்கள். புற்றுநோய், சிறுநீரகம் என்று டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளாகக் கொட்டும். அந்தக் காலத்தில் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போன நம்மவர்களின் பேரப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவில் செட்டி என்ற பெயரோடு மருத்துவம் எழுதுகிறார்கள். ஆசிரியர் கட்டத்தில் இருக்கும் செட்டி வேறு, தலைப்புக் கட்டத்தில் இருக்கும் செட்டி வேறு. அந்தப் பெரிய பெட்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கட்டத்துக்குத் தெரியும்.

அடாஸும் மகாதேவனும் ருட்னரும் கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் ஒரு பதிவைத் திறந்து, அதில் பொருள் என்ற கட்டத்தில் நூலகர் என்ன சொல் போட்டிருக்கிறார் என்று பார்த்து, அதையே அழுத்தினால், தலைப்பில் செட்டியார் என்ற பேச்சே இல்லாத புத்தகங்களும் வரிசையாக வந்தன. பொருள் கட்டத்தில் இருப்பது எழுதியவரின் சொல் அல்ல. ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்று கட்டுப்படுத்தி வைத்த பட்டியலிலிருந்து நூலகர் எடுத்துப் போடுவது. நாமாக ஊகித்து அடித்தால் கிடைக்காது, ஒரு நல்ல பதிவிலிருந்து திருடத்தான் வேண்டும்.

மூலமான சரக்கு இன்னும் தனி. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கை, அதே சமயம் சென்னை மாகாணத்துக்கும் ஒன்று. செட்டியார் கடைகளைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இவற்றைத் தொடாமல் போக முடியாது. மகள் இவற்றுக்கு 'ஆசிரியர் யார்' என்று ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் கட்டத்தில் குழுவின் பெயரைத்தான் போடவேண்டும், அரசாங்க அறிக்கைக்கு ஆசிரியர் அந்தக் குழுவேதான். அதிலும் 'என்கொயரி'க்கு முதல் எழுத்து இ-யா ஐ-யா என்று குழப்பம் வரும். பெரும்பாலான டேட்டாபேஸ்களில் சொல்லின் முதல் எழுத்துக்குப் பதிலாகக் குறி போட முடியாது. இரண்டு ஸ்பெல்லிங்கையும் எழுதி நடுவில் 'ஆர்' போடுங்கள், வேலை முடிந்தது.

இதற்குள் மகள், "ஏஐகிட்டயும் கேட்டேன்பா, அஞ்சு கட்டுரை குடுத்துச்சு" என்றாள். கொண்டு வா என்றேன். ஐந்து தலைப்பையும் ஒவ்வொன்றாக மேற்கோள் குறிக்குள் வைத்து, அந்தந்த இதழின் தளத்திலேயே தலைப்புக் கட்டத்தில் போட்டோம். மூன்று இருந்தது. இரண்டு இல்லவே இல்லை. ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், கட்டுரை மட்டும் கற்பனை! பெரிய பெட்டியில் வரும் பூஜ்யத்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, என்ன கேட்டோம் என்றே தெளிவில்லாதபோது பதில் எங்கிருந்து வரும்? கட்டத்தில் வரும் பூஜ்யம் அப்படியில்லை. இந்த இதழில் இந்தத் தலைப்பு இல்லை என்று அது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. கைடு சொன்ன 'மெட்டீரியல் இல்லை' எந்தப் பூஜ்யம்? அவர் அந்த மூலைச் சுட்டியை ஒரு தடவையாவது அழுத்தியிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

என் கோபம் அவர் ஒருவர் மேல் இல்லை. 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' என்று ஒரு திட்டம். 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 ஜனவரி 1-லிருந்து ஓடுகிறது. 2025, 26, 27 என்று மூன்று வருஷத்துக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். நல்ல திட்டம், நான் குறை சொல்லவே இல்லை. என் பெண்ணுக்கு மகாதேவன் கட்டுரை வீட்டிலிருந்தபடி இறங்கியது இதன் புண்ணியம். ஆனால் மக்களே, ஒரு பிராஞ்சில் புது சாஃப்ட்வேர் போட்டால் கிளார்க்கிலிருந்து மேனேஜர் வரை உட்காரவைத்துப் பயிற்சி தருகிறார்கள். இவ்வளவு கோடி கொட்டிய இடத்தில் மகளுக்குக் கிடைத்த பயிற்சி என்ன? நூலக ஓரியண்டேஷன் என்று ஒரு மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் எத்தனை இதழ், எத்தனை கோடி என்று ஸ்லைடு. மீதி, வரிசையாக நின்று குரூப் போட்டோ. கட்டம் என்றால் என்ன என்று ஒருவர் சொல்லவில்லை. திருமண மண்டபத்துக்கு அத்தனை பணம் கட்டிவிட்டு, பந்தியில் இலை போட ஆள் வைக்காத கதை.

இதில் நம் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆசிரியர் கட்டத்தை நாசம் செய்வதில் தமிழனுக்கு நிகர் தமிழன். கட்டாயக் குடும்பப் பெயர் கேட்கும் ஊர்களில் பிழைக்க வந்தவர்கள் நாம். இந்த மகாராஷ்டிராவில் பள்ளி பாரத்தில் மூன்று கட்டம்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா பெயர். மூன்றாவது ஓகே. முதல் கட்டத்தில் என்ன போடுவது? ஒரு நண்பர் ஊர்ப் பெயரைப் போட்டார். இன்னொருவர் இன்ஷியலையே. நான் என் அப்பா பெயரைப் போட்டேன். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் பெயர். இப்போது என் பெண்ணின் மார்க் ஷீட்டில் தாத்தா, பாஸ்போர்ட்டில் அப்பா. நாளை அவள் ஒரு கட்டுரை எழுதினால் டேட்டாபேஸ் எந்தப் பெயரில் வைக்கும்? கிழவன் பெயரில்தான் :-)

'சோத்கங்கா'வில் போய்ப் பாருங்கள். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் நடத்துவது, நாட்டின் பி.எச்டி. ஆய்வேடுகள் குவியும் இடம். ஆய்வாளர் என்ற கட்டம் இருக்கிறது. அதில் இன்ஷியல் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கமா போட்டு ஒருவர், இன்ஷியலை விரித்து எழுதி அப்பாவைக் குடும்பப் பெயராக்கி ஒருவர். ஆகவே தமிழ்ப் பெயரை ஆசிரியர் கட்டத்தில் தேடும்போது இன்ஷியலை விட்டுவிட்டு அழைக்கும் பெயரை மட்டும் போடுங்கள், கூடவே கைடு பெயர், பல்கலைக்கழகம் என்ற கட்டங்களைச் சேர்த்து வடிகட்டுங்கள். தமிழிலேயே எழுதிய ஆய்வேடுகள் நிறைய, பழைய எழுத்துருவில் தட்டியது அல்லது ஸ்கேன் செய்தது. உள்ளே போய்த் தேட இயந்திரத்தால் முடியாது. அவற்றுக்கு வெளியே நிரப்பி வைத்த தலைப்புக் கட்டமும் சொற்கட்டமும் மட்டுமே வாசல். அதை அலட்சியமாக நிரப்பினால் மூன்று நான்கு வருஷ உழைப்பு பரணில் போட்ட பெட்டி மாதிரிதான்.

விதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நூலகப் பதிவுக்கான ஆங்கிலோ-அமெரிக்கன் விதிகளின் இரண்டாம் பதிப்பு 1978-ல் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளப் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாவிட்டால் அவரவர் சொந்தப் பெயரின் கீழ் பதியுங்கள் என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதி வைத்ததை, நம் பெயருக்காக எழுதி வைத்ததை, நாம் நிரப்பும் பாரத்தில் காணோம். இத்தனைக்கும் இந்தத் துறையில் நம் ஆள் ஒருவர் இருந்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்த ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார், 1933-ல் கோலன் வகைப்பாட்டை வெளியிட்டார். ஒரு பொருளை இடம், காலம், செயல் என்று முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கும் முறை. இன்றைக்கு டேட்டாபேஸின் இடது ஓரத்தில் ஆண்டு, மொழி, இடம் என்று வடிகட்டப் பட்டியல் வருகிறதே, அதை நூலகக்காரர்கள் இன்னும் 'ஃபேசட்' என்று அவர் சொல்லாலேயே கூப்பிடுகிறார்கள். அவருடைய எஸ்.ஆர். என்ற இன்ஷியலில் எஸ், சீர்காழி. ஆர், அப்பா ராமாமிர்தம். குடும்பப் பெயர் கட்டத்தில் அவரே என்ன போட்டிருப்பாரோ!

வெள்ளிக்கிழமை மகள் டாபிக் மாற்றும் பாரத்தைக் கொடுக்கவில்லை. பதினெட்டுத் தலைப்புள்ள பட்டியலை நீட்டியிருக்கிறாள். எந்தக் கட்டத்தில் என்ன சொல் போட்டுக் கிடைத்தது என்று பக்கத்திலேயே ஒரு காலம். கைடு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பர்மா முழுக்க வேண்டாம், விசாரணைக் குழு அறிக்கையை மட்டும் வைத்துச் செய்" என்றாராம். நியாயமான பேச்சு, ஏற்றுக்கொண்டோம். 'ஆர்கிட்' என்று பதினாறு இலக்க எண் ஒன்றும் இலவசமாக வாங்கிக்கொண்டாள். ஆராய்ச்சிக்காரர்களுக்கான கஸ்டமர் ஐடி மாதிரி, பெயர் எப்படிக் கோணினாலும் எண் மாறாது. அதில் கடைசிப் பெயர் கட்டாயமில்லை என்பதைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எனக்குத்தான் ஒரு வேலை பாக்கி. தாத்தா வேலை பார்த்த கடை. செட்டியார் கடைகளுக்குப் பெயர் கிடையாது, விலாசம்தான். முதலாளியின் அப்பா, தாத்தா பெயர்களின் முதல் எழுத்துகளை வரிசையாக வைத்தது. தகரப் பெட்டி மூடியில் அந்த நாலு எழுத்து வெள்ளைப் பெயிண்டில் இருக்கிறது. புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல், நடுவில் இடம் விட்டு, விடாமல், மேற்கோள் குறிக்குள் வைத்து என்று முழு உரைக் கட்டத்தில் நேற்று ராத்திரி பன்னிரண்டு வரை போட்டுப் பார்த்தேன். பழைய அறிக்கையை ஸ்கேன் செய்தவன் புள்ளியைக் கமாவாகப் படித்திருக்கலாம். இன்றைக்கு ராத்திரி கமா போட்டுப் பார்க்க வேண்டும்.